பெறுநர் காலமானார்

"இந்த மடத்துக்கு நானூறு வயசு. நமக்கு இங்க ஒரு மணி நேரம். டாய்லெட் வலது பக்கம்," என்றார் கொடிக்காரர். எங்கள் சுற்றுலாக் குழுவின் வழிகாட்டி அவர். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் கொடி, கழுத்தில் ஒரு விசில். குழுவில் மொத்தம் முப்பத்திரண்டு பேர். முப்பத்தொரு பேர் வலது பக்கம் போனார்கள். நான் மட்டும் இடது பக்கம் இருந்த கதவைப் பார்த்தபடி நின்றேன். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் என் அக்கா இருக்கிறாள்.

என் கைப்பையில் ஓர் ஒப்புகை அட்டை இருந்தது. ரிஜிஸ்தர் தபால் போய்ச் சேர்ந்ததும், வாங்கியவர் கையெழுத்தோடு அனுப்பியவருக்குத் திரும்பி வருமே, அந்த அட்டை. மூன்று வருடமாக அதே பையில், அதே உள்ஜிப்பில் வைத்திருந்தேன். அதை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்த உனக்கு, சாகக் கிடந்த அம்மாவுக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லையா? இதற்காகத்தான் கடல் தாண்டி வந்தேன். மற்றபடி பழைய சுவரை அண்ணாந்து பார்த்து வாய் பிளக்கிற வழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. அது என் வீட்டுக்காரரின் வேலை. அவர் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு நோட்டும் பென்சிலும் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டார்.

நான் தபாலாபீஸில் முப்பத்தொரு வருடம் கடிதம் பிரித்துப் போட்டவள். ஆபீஸில் எனக்கு 'மிளகாய்' என்று பட்டப்பெயர். முன்னால் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லாவிட்டாலும் என் காதுக்கு வராமல் இருக்குமா? என் கைக்கு வந்த தபால் அன்றைக்கே கையை விட்டுப் போய்விடும். விலாசம் கிறுக்கலாக இருந்தாலும், தண்ணீரில் நனைந்து மை கலைந்திருந்தாலும், நின்று நிதானித்துப் படித்து உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். யாருக்கோ யாரோ எழுதியதை ஒரு ராத்திரி நம்மிடம் தங்க வைக்க நமக்கு என்ன உரிமை?

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். இருபத்தேழு வயதில் கன்னியாஸ்திரியாகி, இந்த மடத்துக்கு அனுப்பப்பட்டாள். உள்ளே போனால் வெளியே வருவதில்லை என்கிற வகை மடம் இது. வருடத்துக்கு மூன்று நான்கு கடிதம் போடுவாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான்தான் வாசிப்பேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, "மறுபடி," என்பாள். அடுப்பில் என்ன இருந்தாலும் சரி, நான் முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும். அம்மாவோடு இருந்தது நான். மருந்து வாங்கியது நான், முதுகு தேய்த்துவிட்டது நான். கண்ணை மூடிக் கேட்கிற சுகம் மட்டும் அக்காவின் கடிதத்துக்கு.

அம்மாவுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தபோது டாக்டர் ஒரு மாதம் என்றார். அன்றைக்கே அக்காவுக்கு எழுதினேன். 'நீ வர முடியாது என்று தெரியும். அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது. உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்' என்று நாலே வரி. மடத்தின் போன் நம்பர் எங்களிடம் இல்லை. இருந்தாலும் எந்த மொழியில் பேசுவது? ரிஜிஸ்தர் தபாலாக, ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். கவரின் மேல் சிவப்பு மையில் பெரிதாக 'அவசரம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அம்மாவின் குரல் வரும். "வந்துதாடி?" வரவில்லை. பதினாறாவது நாள் அட்டை மட்டும் திரும்பி வந்தது. கையெழுத்து இருந்தது, கடிதம் போய்ச் சேர்ந்த தேதியும் இருந்தது. அதாவது, நான் அனுப்பிய ஏழாம் நாளே அக்கா வாங்கிவிட்டாள். வாங்கி வைத்துக்கொண்டு கம்மென்று இருக்கிறாள்!

அன்றைக்கு அம்மா கேட்டாள். "அவளுக்குத் தெரியுமாடி?"

நான் அட்டையை அம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்துச் சொன்னேன். "நல்லாத் தெரியும். பாரு, கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கா. எழுத மனசில்லை, அவ்வளவுதான்."

அம்மா அந்த அட்டையைத் தடவிப் பார்த்தாள். அதற்கப்புறம் "வந்துதாடி" என்று கேட்கவே இல்லை. நாலாம் நாள் போய்விட்டாள்.

அம்மாவைப் புதைத்து ஒன்றரை மாதம் ஆன பிறகு அக்காவின் கடிதம் வந்தது, அம்மாவின் பெயருக்கு. என் மேஜைக்கே வந்தது. எத்தனை சாவகாசம் பாருங்கள்! நான் பிரிக்கவில்லை. எங்கள் வேலையில் இதற்கென்றே ஒரு வாசகம் உண்டு. கவரின் மேல் 'பெறுநர் காலமானார். அனுப்பியவருக்கே திருப்புக' என்று எழுதி, தேதி முத்திரை குத்தி, திரும்பிப் போகும் பையில் போட்டேன். விதிப்படி நூற்றுக்கு நூறு சரி. வீட்டுக்காரர் கேள்விப்பட்டுவிட்டு, "பெத்த தாய் செத்ததைக் கவர் மேலயா எழுதுவாங்க? ஒரு கடுதாசியா எழுதக் கூடாதா?" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

அதன் பிறகு என் பெயருக்கு ஆறு கடிதம் வந்தது. ஆறின் மேலும் 'பெற மறுப்பு' என்று எழுதித் திருப்பினேன். பிறகு அவள் எழுதவில்லை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன், என் கோபம் மட்டும் பெறவில்லை. சுற்றுலா அட்டவணையில் இந்த மடத்தின் படத்தைப் பார்த்ததும், "இதுக்கே போகலாம்," என்றேன். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பென்சில்களைச் சீவ ஆரம்பித்தார்.

கொடிக்காரர் எங்களை மடத்தின் பழைய பகுதிக்குள் ஓட்டிக்கொண்டு போனார். பாதி மடம் இப்போது காட்சிக்கூடம். மீதிப் பாதியில் பதினொரு கன்னியர்கள் இன்னமும் வாழ்கிறார்கள். நீளமான சாப்பாட்டு அறை, சுவரோடு ஒட்டிய பெஞ்சுகள். ஒரு பலகைக் கட்டில், அதன் மேல் மடித்து வைத்த ஒற்றைப் போர்வை. கொடிக்காரருக்கு ஒவ்வொன்றுக்கும் 'அந்தக் காலத்துல' என்று தொடங்கினால்தான் வாய் வரும். அந்தக் காலத்தில் பேச மாட்டார்கள், அந்தக் காலத்தில் கண்ணாடி பார்க்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "அடடா" போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு அம்மாள் பல்லைக் காட்டினாள். என் அக்கா படுத்திருக்கக்கூடிய கட்டில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மேல் எனக்குக் கோபம் இருக்கலாம், இவளுக்கு என்ன இளிப்பு?

ஒரு கண்ணாடிப் பேழைக்குள் மரப்பெட்டி ஒன்று இருந்தது. மேலே கடிதம் போடுகிற மாதிரி நீளத் துளை. மூடி இரண்டாகப் பிளந்திருந்தது.

"அந்தக் காலத்துல தவக்காலம் வந்துட்டா இவங்களுக்கு வர்ற கடுதாசி எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள போயிடும். ஞாயித்துக்கிழமை சேர்க்காம நாற்பது நாளைக்குப் பூட்டு. ஈஸ்டர் அன்னிக்குத்தான் சாவி. நம்ம ஆளுங்க நாற்பது நிமிஷம் போனைப் பார்க்காம இருப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஆபீஸில் ஒரு தபாலை ஒரு நாள் நிறுத்தினாலே மெமோ பறக்கும். நாற்பது நாளாம், அதுவும் சாமி பெயரால். ஆனால் அந்தக் காலம்தானே என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் பெட்டியை வரைந்துகொண்டே முணுமுணுத்தார். "மூடி பிளந்த இடத்தைப் பாரு. உள்ள மரம் வெள்ளையா இருக்கு. இந்த உடைப்பு புதுசு."

"ரொம்ப முக்கியம்," என்றேன்.

குழு மாடிப்படி ஏறியபோது நான் கொடிக்காரரின் சட்டைக் கையைப் பிடித்தேன். "இந்த ஊர் பாஷை உங்களுக்குத் தெரியும்ல? எனக்கு உள்ள ஒருத்தரைப் பார்க்கணும். வந்து பேசிக் குடுங்க."

"மேடம், அது டூர்ல இல்லையே..."

"என் அக்கா டூர்ல இல்லைதான். வாங்க."

என் குரல் எப்படி இருந்ததோ, மனுஷர் கொடியையும் விசிலையும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, குழுவை மேலே கூட்டிப் போகச் சொல்லிவிட்டு என் பின்னாலேயே வந்தார்.

இடது பக்கக் கதவைத் தட்டினோம். ஒரு வயதான கன்னி திறந்தார். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, இடுப்பில் சாவிக்கொத்து. வெளியுலகத்தோடு பேச அனுமதி உள்ள வாசல் சிஸ்டர் அவர்தான் என்றார் கொடிக்காரர். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் சிரித்த முகமாகத் தலையாட்டி ஏதோ சொன்னார்.

"முன்னாடியே கடிதம் எழுதி அனுமதி வாங்கணுமாம். எழுதிப் போட்டா கண்டிப்பா பதில் வருமாம்," என்றார் கொடிக்காரர்.

"பதிலா? இந்த வீட்டிலிருந்தா?" என் சத்தம் வராந்தாவின் அந்தக் கோடி வரை போனது. "நான் எழுதின கடுதாசிக்கு, ஆள் செத்து ஒன்றரை மாசம் கழிச்சு, மண்ணு காய்ஞ்ச பிறகு பதில் வந்துச்சு. இன்னொரு தரம் எழுதணுமாமா? பார்க்காம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்னு சொல்லுங்க!"

"மேடம், அப்படியே சொல்லட்டுமா?"

"அப்படியே சொல்லுங்க. சத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் சத்தத்தைக் குறைத்துத்தான் சொன்னார். வாசல் சிஸ்டர் பதில் சொல்வதற்குள் தெருப்பக்கக் கதவு திறந்து ஒரு தபால்காரர் உள்ளே வந்தார். தோளில் பை, கையில் ஏழெட்டுக் கவர்கள், ஒரு பார்சல். எந்த நாடாக இருந்தால் என்ன, தபால்காரரின் அவசரம் ஒன்றுதான். வாசல் சிஸ்டர் பார்சல் சீட்டை வாங்கி, சுவரில் வைத்து மளமளவென்று கையெழுத்துப் போட்டார். முதல் எழுத்தின் தலையில் ஒரு குட்டிச் சிலுவை, கடைசி எழுத்து கீழே இறங்கி வாலைச் சுருட்டியிருந்தது.

எனக்கு அந்தச் சிலுவை தெரியும். அந்த வாலும் தெரியும். மூன்று வருடமாக அதை எத்தனை தடவை முறைத்துப் பார்த்திருப்பேன்!

பையிலிருந்து அட்டையை எடுத்தேன். அவசரத்தில் ஜிப் சிக்கிக்கொண்டது. "இது யார் போட்டதுன்னு கேளுங்க."

வாசல் சிஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மடத்துக்கு வருகிற தபால் எல்லாவற்றுக்கும் அவர்தான் கையெழுத்தாம், இருபது வருடமாக.

"அப்ப என் அக்காகிட்ட எப்பக் குடுத்தாங்க?"

சிஸ்டர் அட்டையில் இருந்த தேதியை விரலால் தொட்டார். விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். பிறகு சிரிப்பு இல்லாத முகத்தோடு மெதுவாகப் பேசினார். கொடிக்காரர் கேட்டுவிட்டு, உடனே மொழிபெயர்க்காமல் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க!"

"அது தவக்காலத்துல மூணாம் நாளாம். பெட்டியில போட்டாங்களாம். நாற்பத்து நாலு நாள் கழிச்சு, ஈஸ்டர் அன்னிக்குத்தான் குடுத்தாங்களாம்."

"அந்தக் காலத்துலன்னு சொன்னீங்களே!"

"எனக்கு எழுதிக் குடுத்தது அப்படித்தான் மேடம்."

"ஒரு ரிஜிஸ்தர் தபாலை, சாகக் கிடக்கிற தாயைப் பத்தின தபாலை நாற்பத்து நாலு நாள் பெட்டியில போட்டுப் பூட்ட இவங்க யாரு? கவர் மேல அவசரம்னு எழுதியிருந்தேனே, சிவப்பு மையில! கண்ணு எங்க போச்சுன்னு கேளுங்க!"

அவர் கேட்டார். அந்த அம்மாள் சட்டென்று தலையை நிமிர்த்தினார். காற்றில் விரலால் சுழித்து, கீழே இரண்டு கோடு போட்டுக் காட்டினார். நினைவிருக்கிறதாம். சிவப்பில் அழகாகச் சுழிசுழியாக ஏதோ எழுதியிருந்ததாம். ஊரிலிருந்து வந்த வாழ்த்து என்று நினைத்தாராம். மடத்தின் தலைவி மதர் கடிதத்தைப் பிரித்தும் பார்த்தாராம். ஒரு எழுத்தும் புரியாததால் அப்படியே மடித்து உள்ளே போட்டுவிட்டாராம்.

 முப்பத்தொரு வருடம். வெளிநாட்டுக் கடிதத்துக்கு விலாசத்தை எப்படி எழுத வேண்டும் என்று கவுண்டரில் ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்தவள் நான். கடல் தாண்டிப் போகிற கவரின் மேல், ஒரே ஓர் ஆளைத் தவிர யாருக்கும் தெரியாத எழுத்தில் அவசரம் என்று எழுதியிருக்கிறேன். படிக்கத் தெரிந்த அந்த ஒரே ஆளின் கைக்குப் போகத்தான் அந்த அவசரம். முட்டாள் சிறுக்கி என்று என்னையே திட்டிக்கொண்டேன், வாய்விட்டுத்தான்.

அது மட்டுமா? பெரிய கட்டடங்களுக்குப் போகிற தபாலை வாசலில் இருக்கிறவர்தான் வாங்குவார் என்பது தபாலாபீஸில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும். அக்காவின் கையெழுத்து இது இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஒரே மேஜையில் பத்து வருடம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அட்டை வந்த அன்றைக்கு நான் எழுத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபப்பட ஒரு காரணம் வேண்டியிருந்தது, அது கையில் வந்து விழுந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் கோபம் எனக்குள் அடங்கவில்லை, ஆளை மாற்றிக்கொண்டது. இந்த மடம்! இந்தப் பெட்டி! அக்காவும் இதே கொதிப்பில்தான் இருப்பாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து இவர்களை ஒரு பிடி பிடிக்கலாம் என்று தோன்றியது. வாசல் சிஸ்டர் எங்களை நிற்கச் சொல்லிவிட்டுச் சாவிக்கொத்து குலுங்க உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. மதர் அனுமதி கொடுத்துவிட்டாராம், கால் மணி நேரம்.

பார்வையாளர் அறை சின்னது. நடுவில் சுவரிலிருந்து சுவர் வரை இரும்புக் கிராதி. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் இரண்டு. கிராதிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பீப்பாய் பதித்திருந்தது. இந்தப் பக்கம் பொருளை வைத்துச் சுழற்றினால் அந்தப் பக்கம் போய்ச் சேரும். கொடிக்காரர் அறைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

முதலில் ஒரு இளம் கன்னி வந்து அந்தப் பக்க நாற்காலியில் கைமணியோடு உட்கார்ந்தாள். யார் பேசினாலும் கூட ஒருத்தர் இருந்து கேட்க வேண்டும் என்பது விதியாம். தமிழில் அவளுக்கு ஒரு மண்ணும் புரியாது. இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து அக்கா வந்தாள். முட்டி வலி போல, சாய்ந்து சாய்ந்து நடந்தாள். முக்காட்டுக்குள் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. மூக்கு மட்டும் அம்மாவின் மூக்கு. உட்கார்ந்து, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சின்னவளா? குண்டாயிட்டே."

முப்பத்தெட்டு வருடம் கழித்து இதுதான் முதல் வார்த்தை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"அக்கா, இப்பத்தான் விஷயம் தெரிஞ்சது. உன் கடுதாசியைப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டாங்களாமே! இவங்க மனுஷங்களா? நாற்பத்து நாலு நாள்! இதைச் சும்மா விடக் கூடாது. நான் மேலிடத்துக்கு எழுதுறேன். இங்க ஒரு நிமிஷம்கூட நீ..."

"பெட்டியைப் பார்த்தியா?" என்றாள் அக்கா.

"பார்த்தேன். கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க."

"மூடியைப் பார்த்தியா?"

"உடைஞ்சிருக்கு."

"நான்தான் உடைச்சேன். விறகு பிளக்கிற கோடாலியால. மதர் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க, தடுக்கலை. அதுக்கப்புறம் இந்த வீட்டுல பெட்டி கிடையாது. யாருக்குக் கடுதாசி வந்தாலும் அன்னிக்கே கைக்குப் போயிடும்."

அக்காவை எனக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை, என்னை அடித்த வாத்தியாரின் பிரம்பைப் பிடுங்கி முறித்து ஜன்னல் வழியே எறிந்தவள் இவள்.

"நல்லா செஞ்சே," என்றேன். "ஈஸ்டர் அன்னிக்கே உடைச்சியா?"

"இல்லை. ஈஸ்டர் அன்னிக்குக் கடுதாசியைப் படிச்சதும் உக்காந்து அம்மாவுக்கு எழுதினேன். அது ஒரு மாசம் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. அன்னிக்கு உடைச்சேன்."

அவள் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. 

"அம்மா செத்ததை எனக்கு யாரு சொன்னாங்க தெரியுமா?" என்று கேட்டாள். "கவர்தான் சொல்லுச்சு. நான் எழுதின கவர் மேல, நான் கையைப் பிடிச்சுச் சுழிக்கக் கத்துக்குடுத்த கையெழுத்துல. பெறுநர் காலமானார். கீழ ஒரு முத்திரை."

"அக்கா, நீ வேணும்னே எழுதலைன்னு நினைச்சேன். அட்டையில கையெழுத்து..."

"குடு."

அட்டையைப் பீப்பாயில் வைத்துச் சுழற்றினேன். அவள் எடுத்து ஒரு கணம்தான் பார்த்தாள். "இது என் கையெழுத்தாடி?"

நான் பீப்பாயைப் பார்த்தேன்.

"கேக்குறேன்ல, இதுவா என் கையெழுத்து?"

"இல்லை."

அவள் அங்கியின் பைக்குள் கையை விட்டு, நூலால் கட்டிய ஒரு கட்டை எடுத்துப் பீப்பாயில் வைத்தாள். அது சுழன்று என் பக்கம் வந்தது. ஏழு கவர்கள். ஆறின் மேல் 'பெற மறுப்பு', ஒன்றின் மேல் 'பெறுநர் காலமானார்'. என்ன அழுத்தம் அந்த எழுத்தில்! பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது. பெட்டிக்காரர்கள் நாற்பத்து நாலு நாள் வைத்திருந்தார்கள். நான் மூன்று வருடம். யாருக்கோ யாரோ எழுதியதைத் தங்க வைக்க உரிமை இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான்!

"மேல இருக்கிறதைப் பிரி," என்றாள் அக்கா.

"இது அம்மாவுக்கு..."

"அம்மாவுக்கு எப்பவும் நீதானே வாசிப்பே? வாசி."

வேறு வழியில்லை. பிரித்தேன். ஒரே ஒரு தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

"அன்புள்ள அம்மாவுக்கு, மூத்தவள் எழுதுவது. உனக்கு உடம்பு முடியவில்லை என்று இன்று காலைதான் தெரிந்தது. சின்னவளின் கடிதத்தை இங்குள்ள வழக்கப்படி வைத்துவிட்டார்கள். நீ தினமும் என் கடிதம் வந்ததா என்று கேட்டிருப்பாய். அவள் என்ன சொல்லிச் சமாளித்தாளோ. அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனாலும் உன்னிடம் அவள் என்னை விட்டுக்கொடுத்திருக்க மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான்..."

தாளைக் கீழே இறக்கினேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா கேட்டாளா?"

"கேட்டா. தினமும் கேட்டா. கடைசியா, அவளுக்குத் தெரியுமாடின்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நல்ல வார்த்தை, யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு பொய். ஆனால் அந்த அட்டை அவள் மடியில் கிடந்தது.

"நல்லாத் தெரியும், கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கா, எழுத மனசில்லைன்னு சொன்னேன். அட்டையைக் காட்டினேன். அப்புறம் அம்மா உன்னைக் கேக்கவே இல்லை."

அக்கா எழுந்தாள். இரண்டு கையாலும் கிராதியைப் பிடித்து உலுக்கினாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"பாவி! எனக்குத் தெரியாதுடி! தெரியவே தெரியாதுடி! பெட்டியை உடைச்சேன். உன்னை என்னடி பண்ணுவேன்? உன்னை எதால உடைப்பேன்?"

இளம் கன்னி பதறிப்போய் மணியை எடுத்தாள். கதவில் கொடிக்காரரின் முகம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. நான் அசையவில்லை. திட்டட்டும் என்று இருந்தது. இன்னும் நன்றாகத் திட்டட்டும். அம்மா போனதிலிருந்து என்னை யாரும் 'டி' போட்டுத் திட்டவில்லை.

அக்காவுக்கு மூச்சு இரைத்தது. இளம் கன்னியின் கையிலிருந்த மணியை, அது ஒலிப்பதற்குள் நாக்கோடு சேர்த்துப் பொத்திப் பிடித்தாள். விழுந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். மணியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"மீதியை வாசி."

வாசித்தேன். "...அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இங்கே எனக்கு முட்டி வலி தவிர வேறு குறை இல்லை. சமையலறைத் தோட்டம் என் பொறுப்பு. நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே பாத்தி கட்டியிருக்கிறேன். எனக்குச் சேர வேண்டிய கோபத்தையும் சின்னவள்தான் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். அவளை ரொம்பத் திட்டாதே. ராத்திரி அவள் முழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள், எனக்குத் தெரியும். என் பங்குக்கும் சேர்த்து உன் காலைப் பிடித்துவிடச் சொல். உன் மகள்."

தாளின் கீழ்ப்பாதி காலியாக இருந்தது. அதை மடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே முற்றத்தில் யாரோ விசில் ஊதினார்கள். என் வீட்டுக்காரருக்கு விசில் ஊதத் தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். முப்பத்தொரு பேரும் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள்.

"கால் பிடிச்சுவிட்டியா?" என்று கேட்டாள் அக்கா.

"கடைசி நாலு நாள் என்னைத் தொட விடலை அம்மா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா."

 அக்காவுக்குக் கோபம் போய்விட்டதா, தெரியாது. போயிருக்காது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது அத்தனை சுலபமாகப் போகாது. கிராதியில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். விசில் இரண்டாவது தடவை கேட்டது. கொடிக்காரர் கதவைத் தட்டி, "மேடம், பஸ்..." என்றார்.

கண்ணைத் திறக்காமலே அக்கா சொன்னாள்.

"மறுபடி."

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசித்தேன்.